கறள் கழுவிய காலம்

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு வீட்டார் என்னை மாமாவிடம் வேலைக்கு விட்டார்கள். வேலை என்றால் நட்டுக் கழுவுவது. இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளைக்குப் போகும் வீதியோரம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பாதியாக வெட்டிய பீப்பாய், அது நிறைய மண்ணெண்ணெய், அதற்குள் கறள் பிடித்த நட்டும் போல்ட்டும் வாஷரும். கையை விட்டு ஒன்றை எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, புரி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பக்கத்துப் பீப்பாயில் போட வேண்டும். தொடக்கத்தில் நெடுநாள் நான் செய்தது இது மட்டும்தான்.

மாமா என் அம்மாவின் மூத்த அண்ணன். எட்டியாந்தோட்டைப் பக்கம் தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டராக இருந்தவர். தோட்டத்துச் சனத்துக்கு அவர் பிட்டரய்யா. சிங்களவர்களுக்குப் பாஸ் உன்னஹே. 1972இலும் 1975இலும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மறுபடி கம்பனிகளிடம் போனது. அதற்குப் பிறகு சின்னச் சின்ன ஸ்டோர்களை மூடிவிட்டு, நாலு தோட்டத்துக் கொழுந்தை ஒரே இடத்தில் அரைக்கும் வழக்கம் வந்தது. மாமா வேலை பார்த்த ஸ்டோரும் அப்படிப் பூட்டப்பட்டதுதான். காவல்காரனாக நில் என்று கேட்டார்கள், அவர் நிற்கவில்லை. சேமலாப நிதிக் காசில் இந்தக் கொட்டகையைப் போட்டார்.

அவருடைய கணக்கு தப்பவில்லை. பூட்டிய ஸ்டோர்களுக்குள் கொழுந்து அரைக்கும் ரோதைகள் நின்ற இடத்திலேயே நின்று கறள் ஏறிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம் இரத்தினபுரி, கேகாலை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்தை விலைக்கு வாங்கி அரைக்கும் தனியார் பெக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்தன. இன்று இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் இந்தத் தாழ்நிலத்துக் கொழுந்துதான். புது ரோதை வாங்க முதல் இல்லாத முதலாளிகள் பழையதைத் தேடினார்கள். பழையது நிற்கும் இடமெல்லாம் மாமாவுக்குத் தெரியும்.

வந்த மெஷின்களின் உடம்பில் வார்ப்பெழுத்தாக ஊர்ப்பெயர்கள் இருக்கும். இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவிலிருந்து மார்ஷல் கம்பனி, பெல்பாஸ்டிலிருந்து டேவிட்சனின் சிரொக்கோ உலர்த்தி, கொழும்பில் வார்த்த வாக்கர் சன்ஸ், கொழும்பு கமர்ஷல் கம்பனி. கறளைத் தட்டத் தட்ட எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வரும். பூகோளப் பாடத்தில் படித்ததைவிட அதிக ஊர்களை நான் இப்படித்தான் அறிந்தேன். இவற்றில் பல, களனிப் பள்ளத்தாக்கின் இரண்டரை அடிச் சின்ன ரயிலில் துண்டு துண்டாக வந்திறங்கியவை என்பார் மாமா. அந்தப் பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓபநாயக்கவுக்கும் வந்தது. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் ஓட்டம் நின்றுபோனது. எங்கள் பட்டறைக்கல் அந்தப் பாதையின் தண்டவாளத் துண்டு ஒன்றுதான்.

நட்டை ஏன் இப்படிப் பாடுபட்டுக் கழுவ வேண்டும், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் புதிது வாங்கினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். மாமா பதில் சொல்லாமல் ஒரு ஜப்பான் லொறிப் போல்ட்டையும் ரோதை நட்டையும் என் கையில் தந்தார். இரண்டு சுற்றுப் போய் நின்றுவிட்டது. பழைய ஆங்கிலேய மெஷின்களின் புரி, ஜோசப் விட்வர்த் 1841இல் வகுத்த அளவு. புரியின் கோணம் 55 பாகை. இன்று கடையில் கிடைப்பது 60 பாகை மெட்ரிக். அரை அங்குலப் போல்ட்டில் விட்வர்த் அளவுக்கு அங்குலத்துக்கு 12 புரி, அமெரிக்க அளவுக்கு 13. ஒன்று தொலைந்தால் கடைசல் பட்டறையில் சொல்லி வெட்டுவிக்க வேண்டும், நட்டின் விலையைவிடக் கூலி கூட.

"நட்டு இல்லன்னா ரோதை வெறும் பாரம்டா மருமகனே" என்றார்.

கழற்றுவதே ஒரு கலை. இரும்பு கறளானால் பருமன் கூடும். அதனால் நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே கறள் ஆப்பு வைத்தாற்போல் இறுகிவிடும். பலசாலி வந்து நீண்ட குழாயைச் செருகி ஸ்பேனரை இழுத்தால் போல்ட்டின் தலைதான் கையோடு வரும். மாமா முதலில் நட்டின் ஆறு முகத்திலும் சின்னச் சுத்தியலால் தட்டுவார். பிறகு ஊது விளக்கால் நட்டை மட்டும் சூடாக்கி மெழுகுதிரியை ஒற்றுவார். உருகிய மெழுகு புரிக்குள் ஓடிப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் தளர்த்தப் பார்க்க மாட்டார், துளி இறுக்குவார். கறள் உடையும் "டிக்" சத்தம் கேட்ட பிறகுதான் எதிர்ப்பக்கம் திருப்புவார். இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் ரோதையைக் காக்கும் ரோதைமுனிக்கு ஒரு தேங்காய். முனிக்கு உடைக்காமல் அவர் எந்த மெஷினையும் கழற்றியதில்லை. பௌத்தர்களான பெக்டரி முதலாளிகளும் அந்தத் தேங்காய்க்குக் கணக்குப் பார்த்ததில்லை.

இரத்தினபுரியில் வருஷத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு மில்லிமீற்றருக்கு மேல் மழை. துடைத்து வைத்த இரும்பு மறுநாள் காலை மஞ்சள் பூத்திருக்கும். ஆனால் மழை மட்டுமே காரணம் என்றால் வேலை சுலபம். எங்களிடம் வந்த சாமான்களில் கறள் மூன்று விதம், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

மழைக் கறள் மேலோட்டமானது, பொருக்காக உதிரும். இறப்பர்க் கொட்டகைக் கறள் வேறு. இறப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றும் போர்மிக் அமிலம் சீட் அடிக்கும் இரும்பு உருளைகளில் வழிந்து, அரித்து, அம்மைத் தழும்புபோல் குழி போட்டிருக்கும். குழி விழுந்த உருளையில் அடித்த சீட்டில் பழுப்புக் கறை படியும், தரம் இறங்கும். மூன்றாவது தேயிலைக் கறள். கொழுந்துச் சாற்றில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் நீலமும் கறுப்புமாக ஒரு தோல் கட்டும். சாறு காய்ந்து அதன்மேல் பக்குப் பக்காகப் படியும். ரோதையின் மேசைக்குப் பித்தளை பாவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பித்தளையும் தப்பவில்லை. நாள்தோறும் கழுவாத மேசையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

இதில் என்னை இன்றுவரை வியக்க வைப்பது, எது அரித்ததோ அதையே மாமா மருந்தாக வைத்திருந்ததுதான். இறப்பர்க் கொட்டகையின் அமிலம் இரும்பைத் தின்னும். அதே அமிலத்தை வாளித் தண்ணீரில் ஒரு சிரட்டை அளவுக்குக் கலந்து (தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும்) சாமானை ஊறப் போட்டால் கறளை மட்டும் முதலில் தின்னும். கட்டெறும்பை நசுக்கினால் வரும் நெடி கொட்டகை முழுக்க அடிக்கும். எறும்பிடம் இருப்பதும் அதே அமிலம்தானே. ஊறப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. கறளைத் தின்று முடித்ததும் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். குமிழி எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஸ்பிரிங்குகளை அதில் போடவே விடமாட்டார். அமிலத்தில் கிடந்த ஸ்பிரிங் பார்க்க நன்றாக இருக்கும், பூட்டிய பிறகு கண்ணாடி மாதிரி முறியும். அமிலத்திலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கிறது என்று நான் பின்னாளில் படித்தேன். மாமா அதைப் படித்திருக்கவில்லை, முறிந்த ஸ்பிரிங் பார்த்திருந்தார்.

அமிலத்திலிருந்து எடுத்ததும் சாம்பல் தண்ணீர். உலர்த்தி அடுப்புகளில் எரிவது பட்டுப்போன இறப்பர் மரத்து விறகு. அதன் சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்தால் காரம். அமிலத்தின் மிச்சத்தை அது முறிக்கும். பிறகு வெந்நீர், பிறகு அடுப்பு வெக்கையில் காய்ச்சல். இரும்பு இன்னும் சூடாக இருக்கும்போதே கடைசி மருந்து. வாசலில் ஒரு கறுத்த பானையில் ஸ்டோர்த் தரையில் கூட்டிய தேயிலைக் குப்பை கொதித்துக்கொண்டிருக்கும். வடிகட்டி, தும்புத் தூரிகையால் இரும்பின்மேல் பூசுவார். பூசப் பூசச் சாம்பல் நிறம் கறுக்கும். குழிக்குள் ஒளிந்திருந்த மிச்சக் கறளும் கறுத்து இறுகிவிடும். நூதனசாலைகளில் பழைய இரும்பைக் காப்பாற்றுகிறவர்கள் இதே வேலைக்கு டானிக் அமிலம் வாங்குகிறார்கள். மாமா குப்பைத் தேயிலையை ஓசியில் எடுத்துக்கொண்டார்.

பித்தளைக்கு வேறு வைத்தியம். காய்ந்த கொறுக்காயை ஊற வைத்து அரைத்து, உப்பும் செங்கல் தூளும் சேர்த்துப் பூசித் தும்பால் தேய்ப்பது. சப்ரகமுவவில் மீன் குழம்புக்குக் கொறுக்காய் போடாத வீடு கிடையாது, பஞ்சமே இல்லை. பச்சைக் களிம்பு கழன்று மஞ்சள் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். "ரோசாப்பூக் கலர் தெரிஞ்சா கையை எடுத்துடு" என்பார். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு அளவு மீறினால் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் சல்லடைபோல் நிற்கும், அந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். பளபளப்பு ஏறிய பித்தளைத் தகட்டைத் தட்டிப் பார்த்து, சத்தம் செத்திருக்கிறது என்று அவர் ஒதுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். மினுமினுப்பை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

அந்தக் கொறுக்காய்த் துணியை இறப்பர் உருளைப் பக்கம் கொண்டுபோனால் திட்டு விழும். இறப்பருக்குச் செம்பு நஞ்சு. பாலில் துளிச் செம்பு கலந்தாலும் சீட் நாள்படப் பிசுபிசுத்துக் கெடும். பச்சைக் களிம்பு தொட்ட துணிக்குத் தனி ஆணி, இறப்பர்ச் சாமான் துணிக்குத் தனி ஆணி. வைத்தியசாலையில்கூட நான் அவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

சின்னச் சாமான்களைத் தேய்த்துத் தேய்த்து என் விரல்நுனி மரத்துப்போனதும் பீப்பாய் வேலைக்கு ஏற்றம் கிடைத்தது. மூடியுள்ள எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்கையாக இரண்டு தாங்கியில் நிறுத்தி, பெல்ட் போட்டு மெதுவாகச் சுற்ற விடுவோம். உள்ளே நட்டும் போல்ட்டும், கூடவே மணல். அந்த மணல்தான் இரத்தினபுரிக்கே உரிய சங்கதி. மாணிக்கக் குழியில் இல்லம் என்ற கல் மண்ணைக் கழுவி, கல் பொறுக்கிய பிறகு வட்டிக் கூடையில் எஞ்சும் பொடி அது. அதில் உடைந்த குருந்தமும் கோமேதகமும் ஸ்பினலும் கலந்திருக்கும். கடையில் விற்கும் எமரி தாளில் ஒட்டியிருப்பதும் குருந்தப் பொடிதான், கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி. குழிக்காரர்கள் கொட்டும் பொடியை மாமா மூன்று சல்லடையில் சலித்து மூன்று டின்னில் வைத்திருந்தார். கரடு முதலில், நடு பிறகு. நைஸ் டின்னை எனக்குத் தரவே மாட்டார், அது பற்சக்கரத்துக்கு மட்டும். (இந்தப் பொடிகளுக்குள்தான் 1904இல் ஆனந்த குமாரசுவாமி தோரியனைற் என்ற கறுத்த கதிரியக்கக் கனிமத்தைக் கண்டெடுத்தார் என்று வாசித்த அன்று, சலித்த காலத்தை நினைத்துக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.)

மணல் ஓட்டத்துக்குப் பிறகு உமி ஓட்டம். நெல் உமியில் இயல்பாகவே சிலிக்கா உண்டு. அதோடு கொஞ்சம் தேங்காயெண்ணெய் தெளித்துச் சுற்றினால் இரும்பு கருஞ்சாம்பல் நிறத்தில், தொட்டால் வழுக்கும் பதத்தில் வரும். மெஷின் எண்ணெய் ஏன் தெளிக்கவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சும். மண்ணெண்ணெய்ச் சொட்டு ஒன்று ரோதையின் ஜக்கெட் இடுக்கில் தங்கினால், கொழும்பு ஏலத்துக்கு முன் ருசி பார்க்கிறவர் துப்பிவிட்டு, நாற்றம் என்று எழுதிவிடுவார். அந்த லொட் அத்தோடு போயிற்று. அதனால் கறளைக் கழுவுவது பாதி வேலை, கழுவிய மருந்தைக் கழுவுவது மறுபாதி. கொழுந்து படும் இடம் எல்லாவற்றிலும் கொதிநீர் ஊற்றி, ஆவி எழும்போது மாமா குனிந்து மோந்து பார்ப்பார். பூட்டி முடித்ததும் முதல் தடவை முற்றிய இலையை அரைத்து அப்படியே கொட்டிவிடச் சொல்வார். சில முதலாளிகளுக்கு அதில் மனமில்லை. கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, இலையைத் தானே அள்ளிப் போடுவார்.

கொட்டகைக்கு மேலும் இரண்டு தகரம் தேவைப்பட்டது. தோட்டத்தில் பழந்தகரம் விற்ற ஒருவரிடம் போனோம். மாமா அடுக்கைப் புரட்டி, நன்றாகத் தெரிந்த சிலதை விட்டுவிட்டு, நெளிந்த சிலதை எடுத்தார். எனக்குப் புரியவில்லை. திரும்பி வரும்போதுதான் சொன்னார், விட்டவை எரிந்த தகரம். 1981 ஆகஸ்ட் இனக்கலவரத்தில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் தொழிலாளர் லயங்களுக்குத் தீ வைத்தார்கள். அதற்கு முன் 1977, பிறகு 1983. தகரத்தின் மேலிருக்கும் துத்தநாகம் 420 பாகையில் உருகிவிடும். தீ அணைந்த பிறகு தகரம் உருக்குலையாமல் நின்றாலும் தோல் போயிருக்கும், அடுத்த மழைக்காலத்துக்குள் சிவந்து, அதற்கடுத்ததில் ஓட்டை விழும். மறுபடி லயத்துக்குத் திரும்பி வந்தவர்கள் அந்தத் தகரத்தையே போட்டுக்கொண்டு, எண்ணிச் சில வருஷத்தில் மறுபடி நனைந்தார்கள். மாமாவின் குடும்பம் அந்த ஆகஸ்டில் காட்டுக்குள் எத்தனை இரவு இருந்தது என்பதை அம்மாதான் எனக்குச் சொன்னார். மாமா எரிந்த தகரத்தை அடையாளம் காண மட்டும் சொல்லித் தந்தார். மேலே வெள்ளைப் பொடி, ஆணித் துளையைச் சுற்றி சிவப்பு வளையம், விரலால் சுண்டினால் மொக்கையான சத்தம். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2003 மே மாதம் களு கங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கியபோது நான் ஓரளவு தேறிய வேலைக்காரன். தண்ணீர் வடிந்த கையோடு மூன்று பெக்டரிகளிலிருந்து ஒரே நேரத்தில் ஆள் வந்தது. வெள்ளக் கறள் எல்லாவற்றையும்விட அவசரமானது. தண்ணீருக்குள் கிடக்கும் வரை இரும்பு பெரிதாகக் கெடாது. வெளியே வந்து காற்றுப் பட்ட சில மணி நேரத்தில் செம்மஞ்சளாகப் பூத்துவிடும். ஆகவே மாமா சொன்ன முதல் காரியம் எங்களைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை.

"சேறு காயக் கூடாது. ஈரமாவே வச்சிருங்க. ஈரச் சாக்குப் போட்டு மூடுங்க."

முதலாளிமார் மின்விசிறி வைத்து உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெக்டரிக்காரர் மட்டும் சொன்னதைக் கேட்டார். அங்கே ஈரச் சாக்கை ஒவ்வொரு பகுதியாக விலக்கி, நல்ல தண்ணீர் அடித்து, சேறு போனதும் அங்கேயே துடைத்து, சூடு காட்டி, எண்ணெய் போட்டு, அடுத்த பகுதிக்குப் போனோம். பேரிங்குகளில் வண்டல் ஏறியிருந்தது. பழைய மெஷின்களின் பேரிங்கில் உருகிய வெள்ளை உலோகம் ஊற்றியிருக்கும். மென்மையானது, வண்டல் மணல் அதற்குள் புதைந்து தண்டை அரத்தால் ராவுகிறமாதிரி ராவும். அவற்றை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினோம். வெண்கலப் புஷ்கள் தேய்ந்தவற்றைப் பிலிமத்தலாவைக்குக் கொண்டுபோய் வார்த்து எடுத்தோம். அங்கே பித்தளை விளக்கு வார்க்கும் பாஸ் ஒருவர், மாமாவின் பழைய சாமான்களைக் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, இப்போது இப்படிக் கலவை கிடைக்காது மல்லி, இதை வீசாமல் உருக்கித் தா என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார். பழைய புஷ்ஷே புதிய புஷ் ஆயிற்று.

காய விட்ட பெக்டரிகளுக்கும் பிறகு போனோம். அங்கே செய்த வேலையின் கூலி பல மடங்கு, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய ஸ்டோர் ஒன்றை 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தார்கள். மாமாவைக் கூட்டிப் போனேன். ரோதை, உலர்த்தி, எஞ்சின் எல்லாம் துடைத்து வர்ணம் அடித்து வரிசையாக நிற்கின்றன. சுற்றிப் பார்த்த வெளிநாட்டார் படம் எடுத்தார்கள். மாமா ஒரு ரோதையின் கிராங்க் அருகே நின்று, யாரும் பார்க்காத நேரம் விரலை அடியில் விட்டுத் தடவிப் பார்த்தார். அவர் கண்டுபிடித்தது என்ன என்று கேட்டால் சிரிப்பு மட்டும்தான். என் அபிப்பிராயம், அந்த மாதிரி இடங்களில் வர்ணம் கொஞ்சம் அதிகம். வேலை செய்த மெஷினுக்கு மேசையில் தேய்மானம் இருக்கும், கைபிடித்த இடம் மழுங்கியிருக்கும். வர்ணம் அதையெல்லாம் ஒன்றாக மூடிவிடுகிறது. ஆனால் பூட்டிய ஸ்டோருக்குள் கிடந்து பழைய இரும்புக்காரரிடம் கிலோக் கணக்கில் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

மாமா காலமான பிறகு கொட்டகையை நான்தான் நடத்துகிறேன். தங்கையின் மகன் டொரொண்டோவில். அவனுக்கு ஒரு பைத்தியம், பின்பால் மெஷின். சரிந்த பலகை, அதில் ஒரு உருக்குப் பந்து, கீழே விழாமல் தட்டி மேலே அனுப்ப இரண்டு துடுப்பு. துடுப்பு வைத்த முதல் மெஷினை 1947இல் சிக்காகோவின் கொட்லீப் கம்பனி செய்தது. அதற்கு முன் பந்து போன போக்குத்தான் என்பதால் சூதாட்டம் என்று சொல்லி நியூயோர்க் நகரம் 1942இல் தடை போட்டு 1976 வரை எடுக்கவில்லை. நிலக்கீழ் அறைகளில் ஈரம் குடித்துக் கிடக்கும் பழைய மெஷின்களை இவன் வாங்கிப் பிரித்துப் பூட்டுகிறான். ஒருநாள் வட்சப்பில் கூப்பிட்டு, "மாமா, கறளுக்கு நீங்க என்ன போடுவீங்க?" என்றான்.

அவன் சொன்னதைக் கேட்க எனக்குத்தான் வேடிக்கையாக இருந்தது. அதிரும் தொட்டி ஒன்றில் உடைத்த வால்நட் கொட்டை ஓட்டையும் அரைத்த சோளத் தக்கையையும் போட்டு ஆணிகளை அதற்குள் விடுகிறானாம். எங்கள் மாணிக்க மணலும் உமியும் கனடாவில் வேறு சட்டை போட்டிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த மெஷினின் கால் போல்ட்டு எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. விட்வர்த்திலும் அந்தப் பருமனுக்கு 16தான். கோணம் மட்டும் வேறு, ஏறும், ஆனால் உட்காராது. இதைச் சொன்னதும் பெட்டியில் இருந்த ஒரு புதிரான போல்ட்டைக் கொண்டுவந்து கமராவில் காட்டினான். யாரோ எப்போதோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் அவன் எனக்குச் சொல்லித் தந்தான். எழுபதுகளின் பின்பாதிக்குப் பிறகு வந்த மின்னணு மெஷின்களில் பலகையோடு பெற்றரி இருக்கும். அது கசிந்து செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடுமாம். நான் கொறுக்காயும் சாம்பலுமாக வளர்ந்தவன், பச்சை என்றதும் சாம்பல் தண்ணீரால் கழுவி முறிக்கச் சொல்ல வாய் எடுத்தேன். அங்கே கசிவதே காரம், வினாகிரி தடவித்தான் முறிக்க வேண்டும் என்றான். மாமா இருந்திருந்தால், எது அரித்தது என்று தெரியாமல் மருந்து சொல்லக் கூடாது என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருப்பார். பந்தில் கறள் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பந்தை யாரும் கழுவுவதில்லையாம், வீசிவிட்டுப் புதிது. குழி விழுந்த பந்து பலகையின் ஓவியத்தையே சுரண்டிவிடும். 27 மில்லிமீற்றர்ப் பந்து, அளவு மாறாமல் இன்றும் செய்கிறார்கள். அந்த வசதி எங்கள் நட்டுக்கு இல்லை.

இப்போது பெக்டரிகளுக்குக் கறள் ஏறாத உருக்கு மேசை வந்துவிட்டது. பழைய ரோதை தேடி வருகிறவர்கள் வேறு ஆட்கள். கந்தப்பளையில் பழைய ஸ்டோர் ஒன்று 1996இல் ஹோட்டல் ஆனதிலிருந்து, ஹோட்டல் வாசலில் பழைய மெஷின் வைப்பது ஒரு நாகரிகம். போன வருஷம் கொழும்பிலிருந்து உள்ளலங்காரம் செய்கிறவர் ஒருவர் வந்து, முற்றத்தில் மழையில் நின்ற ஒரு பழைய ரோதையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். விலை பேசியதும் சொன்னார், "கறளைத் தொட வேண்டாம். இப்படியே இருக்கட்டும். மேலே கண்ணாடி மாதிரி லாக்கர் மட்டும் அடிங்க."

பொருக்கைத் தட்டாமல் லாக்கர் அடித்தால் அடியில் ஈரம் சிக்கி உள்ளேயே அரிக்கும், மேலே கொப்புளம் கட்டும், பிறகு தோலோடு உரியும் என்று விளக்கினேன். உதிர்கிறதை மட்டும் தட்டி, தேயிலைச் சாயம் பூசினால் கறுப்பாக, கறள்போலவே நிற்கும், இரும்பும் பிழைக்கும் என்றேன். காட்டவும் காட்டினேன். அவருக்குக் கறுப்பு வேண்டாம், செம்மஞ்சள்தான் வேண்டும். அறையின் திரைச்சீலைக்கு அதுதான் பொருத்தமாம்.

கடைசியில் பில்லின் அடியில், கறள் திரும்ப வந்தால் பட்டறை பொறுப்பில்லை என்று எழுதி நீட்டினேன். வாசித்தார்.

"திரும்ப வந்தா நல்லதுதானே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, பாதிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, லொறிக்குச் சொல்லப் போனார்.